வெள்ளவத்தை மதிலில் மூன்றாவது வரி

எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஆனால் கொழும்பில் நாற்பத்தாறு வருடம் இங்கிலீசில் கல்லறைக் கல் வெட்டியவன் நான். மாதம்பிட்டியிலும் பொரளையிலும் என் கைபட்ட கற்களில் ஓர் எழுத்துப் பிழை காட்டுகிறவருக்கு என் வீட்டை எழுதித் தருகிறேன் என்று பல பேர் முன்னால் சவால் விட்டிருக்கிறேன். வீடு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.

பட்டறையை மருமகனிடம் கொடுத்து இரண்டு வருடமாகிறது. தொழிலில் இருக்கிற இளம் பிள்ளைகள் இப்போதும் வந்து கேட்கிறார்கள், செத்த வீட்டாரோடு எப்படிப் பேசுவது, எதை வெட்டுவது, எதை விடுவது என்று. எழுத்தை இப்போது மெஷின் வெட்டுகிறது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கொட்டாஞ்சேனையில் முதல் மெஷினை இறக்கியவனே நான்தான். ஆனால் எதை வெட்டுவது என்ற கேள்விக்கு மெஷினிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. ஒரு பக்கம் எழுதினால் எழும்பிப் போய் பல்கனியில் நின்று துறைமுகத்துக் கிரேன்களைப் பார்க்கிறேன். திரும்பி வந்து எழுதியதை வெட்டுகிறேன். கல்லில் வெட்டும்போது இந்தத் தொல்லை இருந்ததில்லை.

தொழில் பழகிய காலத்தை நீட்டி முழக்க விருப்பமில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஐந்தாம் வகுப்போடு போதும் என்று எனக்கும் தோன்றியது, பள்ளிக்கூடத்துக்கும் தோன்றியது. ஜிந்துப்பிட்டிப் பக்கம் சவரிமுத்து மாஸ்டரின் பட்டறையில் சேர்ந்தேன். இரண்டு வருடம் மணலும் தண்ணீரும் போட்டுக் கல் தேய்த்தேன். மூன்றாம் வருடம் உளி கிடைத்தது. ஏழாம் வருடம் மற்றவர்களின் வேலையைத் திருத்துகிற இடத்துக்கு வந்துவிட்டேன். என்னோடு சேர்ந்த நாலு பேரில் சொந்தப் பட்டறை போட்டவன் நான் ஒருவன்தான்.

மாஸ்டர் மன்னார்க்காரர். நாங்கள் எல்லோரும் கண் இமை வரை வெள்ளைத் தூசியோடு நிற்கும்போது, அவருடைய அரைக்கைச் சட்டையில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. அது எப்படி என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. அவர் சத்தம் போட மாட்டார். பிழை கண்டால் உங்கள் கையிலிருந்து உளியை மெதுவாக வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். அன்று முழுவதும் நீங்கள் வெறுங்கையோடு நிற்க வேண்டும். அதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம் என்று இருக்கும்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. கல்லின் அளவுக்கே மண்ணிறக் கடதாசி வெட்டி, அதில் எழுத்துகளை முழு அளவில் வரைய வேண்டும். செத்த வீட்டார் வந்து அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். மனதுக்குள் வாசிக்க விடமாட்டார். “கண் தாவிப் போயிடும். வாய் தாவாது” என்பார். வாசித்து முடித்தபின் கீழே கையெழுத்து. பிறகு நாங்கள் இரண்டு பேர் அவர்கள் தந்த குறிப்பையும் கடதாசியையும் பக்கத்தில் வைத்து, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை பின்னோக்கி ஒப்பிடுவோம். பின்னோக்கிப் போனால் சொல் கண்ணில் படாது, எழுத்து மட்டும்தான் படும். படித்தவன் சொல்லைப் பார்த்து ஏமாந்துபோவான். நான் ஏமாற மாட்டேன். தெரியாத பாஷையில் நான் பிழை விடாததன் இரகசியம் இதுதான். அதற்குப் பிறகுதான் கல்லில் வெள்ளை பூசி, கார்பன் வைத்துப் படியெடுத்து, உளி வைப்பது. கையெழுத்து வைத்த கடதாசிக்கு மாறாக ஒரு புள்ளி வெட்டினாலும் அவனுக்குப் பட்டறையில் இடமில்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது. அது பிறகு வந்தது.

யுத்த காலம், கெட்ட காலம். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் மகனுக்குக் கல் சொன்னார். மூன்றாவது வரியில் ‘சுட்டுக் கொல்லப்பட்டார்’ என்று இருந்தது. சத்தமாக வாசித்தார், கையெழுத்து வைத்தார், நான்தான் வெட்டினேன். எழுத்துக்குப் பூசிய மை காய்வதற்காக அதை வாசல் பக்கம் சாய்த்து வைத்திருந்தோம். மூன்றாம் நாள் ஜீப்பில் சிவில் உடுப்போடு இரண்டு பேர் வந்தார்கள். கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தார்கள். மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம் திரும்பி வந்தபோது அவருடைய சட்டை அழுக்காக இருந்தது. முதல் தடவையாக அப்படிப் பார்த்தேன். நேரே பெரிய உளியை எடுத்து, தானே உட்கார்ந்து அந்த வரியைக் கொத்தி மட்டமாக்கினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

“எப்ப பிறந்தவன், எப்ப போனவன். கல்லுக்கு அது காணும். எப்பிடிப் போனவன் எண்டது இனி இந்தப் பட்டறையில இல்லை.”

அந்தத் தகப்பன் வந்தார். கொத்தின இடத்தை விரலால் தடவினார். ஒன்றும் கேட்கவில்லை. கல்லை ஏற்றிக்கொண்டு போனார். கேட்காதபடியால் அவருக்குச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சொந்தப் பட்டறை போட்டபின் அந்தச் சட்டத்தை நான் மாஸ்டரைவிட நன்றாக நடத்தினேன். இதைப் பெருமையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் மறுத்துப் பேசக்கூடாது. முதலில் தண்ணீர். பிறகு, “அம்மா, இந்தக் கல்லு நூறு வருசம் நிக்கப் போவுது. உங்க பேரப்பிள்ளை வந்து பாக்கும்போது எதை வாசிக்கணும்?” என்று கேட்பேன். அந்தக் கேள்வியில் பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு என் கொப்பியைத் திறப்பேன். சைவம் என்றால் ‘சிவபதம் அடைந்தார்’, கத்தோலிக்கம் என்றால் ‘இறைவனில் இளைப்பாறுகிறார்’, மற்ற வேதக்காரர் என்றால் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. கடலில் செத்தவர், தடுப்புக் காவலில் செத்தவர், றோட்டில் செத்தவர் என்று எத்தனையோ பேரை நான் இந்த மூன்று வரிக்குள் படுக்க வைத்திருக்கிறேன். என் பட்டறைக்கு ஒருநாளும் ஜீப் வந்ததில்லை.

ரூத் டீச்சர் வந்தது நான் ஓய்வெடுப்பதற்கு மூன்று வருடம் முந்தி.

த்ரீவீலர் ஒன்று வாசலில் நின்றது. உயரமான, நல்ல கறுப்பான, வெள்ளைத் தலைமயிரை ஒட்ட வெட்டிய ஓர் அம்மா சேலையோடு இறங்கினார். கல் தேய்க்கிற சுனில் என் பக்கம் சாய்ந்து, “முதலாளி, நோனா தெமழத?” என்று கேட்டான். தமிழ் அம்மாவா என்று எனக்கே தெரியவில்லை.

“கல்லு வெட்டுற கணேசன் ஆர்?” என்றார் அந்த அம்மா.

“நான்தாங்க.”

“எனக்கு ஒரு கல்லு வேணும். எங்கட அப்பாவுக்கு. அவர் செத்து எழுபது வருசத்துக்கு மேல.”

சுனிலுக்குத் தமிழ் விளங்கும். தேய்க்கிற கை நின்றுவிட்டது.

அமெரிக்காவில் பிறந்தவர். அங்கே படிக்கப் போன, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் ஊர்க்கார எஞ்சினியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, வெள்ளவத்தையில் ஐம்பது வருடம் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். கணவர் போய்விட்டார், பிள்ளைகள் வெளியில். எப்படி இவ்வளவு தமிழ் என்று கேட்டேன்.

“மாமியார். நான் மகனைப் பிடிச்சிட்டன் எண்டு அவவுக்குக் கோவம். பத்து வருசம் எனக்கு ஒரு இங்கிலீஸ் சொல்லும் தரேல்லை. தண்ணி வேணுமெண்டாலும் தமிழில கேக்கோணும். பழிவாங்கினவ. இப்ப எனக்குக் கனவும் தமிழிலதான் வருது.”

கதிரை போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் அழவில்லை. அதனால் அந்தத் தண்ணீர் அப்படியே இருந்தது.

“அப்பா போகேக்க நான் அம்மாவிட வயித்துக்குள்ள. பட்டாளத்தில லொறி ஓட்டினவர். அங்கை அப்ப கறுப்பு ஆக்களுக்கு வேற படை, வெள்ளை ஆக்களுக்கு வேற படை. படுக்கிற இடம் வேற, சாப்பிடுற மேசையும் வேற.”

“ஒரே பட்டாளம்தானே டீச்சர்?”

“ஒரே கொடி. மேசை வேற.”

இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலம். ஐரோப்பாவில் ஏதோ ஒரு பனிக் கிராமம். எதிரி சுற்றி வளைத்துவிட்டான், துவக்கில் குண்டு இல்லை. டீச்சரின் அப்பாவும் கூட இருந்த கறுப்புச் சிப்பாய்களும் கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தார்கள். அதே நாள் பிடிபட்ட வெள்ளைக்காரர்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இவர்களைத் தெருவால் நடத்திக்கொண்டு போய் ஒரு வயலில் வைத்து முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த கடிதத்தில் சண்டையில் இறந்தார் என்று இருந்தது. வேலிக்குப் பின்னால் ஒளித்துக் கிடந்து தப்பிய ஒருவர், கிழவனாகி, டீச்சரின் அம்மாவைத் தேடி வந்து சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது. டீச்சருக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது.

“அம்மா முழுக்கக் கேட்டவ. பிறகு சொன்னவ, அப்ப அவர் அவங்களை நம்பித்தானே கையைத் தூக்கியிருக்கிறார் எண்டு. அங்கை இருக்கிற கல்லில பேரும் திகதியும்தான். எப்பிடிச் செத்தவர் எண்டு சொல்லுற கல்லு உலகத்தில ஒண்டும் இல்லை. எனக்கு ஒண்டு வேணும். என்ர வீட்டு முன்மதிலில.”

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இங்கிலீசில் நாலு வரி. கீழே தமிழில் நாலு வரி.

‘ஐசக் டார்னெல். அமெரிக்க இராணுவத்தின் கறுப்பினச் சிப்பாய். கைகளை உயர்த்திச் சரணடைந்த பின் கொல்லப்பட்டார். ரூத்தின் தந்தை.’

மேல்வீட்டு டியூஷன் மாஸ்டர் தமிழில் எழுதித் தந்ததாம். வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை, தமிழர்கள் நடக்கிற ஒழுங்கை, அதில் மதில் மேல் இந்த மூன்றாவது வரி. முதல் இரண்டு வரியை யார் பார்ப்பான்? மூன்றாவது வரியைப் பார்த்ததும் இங்கே யுத்தக் கடைசியில் நடந்த கதை என்றுதான் எவனும் நினைப்பான்.

“டீச்சர், இங்கிலீசில மட்டும் போடுவோமே.”

“ஏன்?”

“பாக்கிறவங்க நம்ம ஊர் விசயம்னு நினைப்பாங்க.”

“நினைக்கட்டுமே.”

“உங்களுக்குத்தான் கரைச்சல். தனியா இருக்கீங்க. உங்க பேரப்பிள்ளைங்க வந்து பாக்கும்போது எதை வாசிக்கணும்?”

“இதைத்தான்” என்றார். கொப்பியைத் திறக்க அவர் விடவில்லை.

அடுத்த கிழமை வந்து மண்ணிறக் கடதாசிக்கு முன்னால் நின்று நாலு வரியையும் சத்தமாகச் சொன்னார். அப்போது அவருடைய கண் கடதாசியில் இல்லை, என் முகத்தில் இருந்தது. பாடமாக்கி வைத்திருக்கிறார், தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது என்று நான் தீர்மானித்துவிட்டேன். ஒரு பாஷையை வாசிக்காமலே நாற்பது வருடம் அதில் பிழைத்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

நான் என்ன செய்தேன் என்பதை மருமகனுக்குக்கூட இதுவரை சொல்லவில்லை. இங்கிலீசு நாலு வரியும் அவர் தந்தபடி. தமிழில் மூன்றாவது வரியை மாற்றினேன். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ கையெழுத்து வைத்த கடதாசிக்கு மாறாக என் வாழ்நாளில் வெட்டிய ஒரே வரி. அப்போது அதைப் பிழை என்று நினைக்கவில்லை. ஒரு கிழவியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். சந்தோசமாகத்தான் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் மதிலில் பதித்தோம். நல்ல கறுப்புக் கிரனைட், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. டீச்சர் வெளியே வந்தார். இங்கிலீசை ஒரு பார்வை பார்த்தார். தமிழுக்கு வந்ததும் சுட்டுவிரலை முதல் எழுத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“நித்திரை எண்டு இருக்கு.”

கல்லின் ஓரத்துச் சாந்தைக் கரண்டியால் வழித்தேன்.

“கணேசன், எங்கட அப்பா நித்திரை கொள்ளேல்லை.”

“டீச்சர், நான் உங்க நல்லதுக்காக...”

“அம்மாவுக்கு வந்த கடிதமும் இப்பிடித்தான் இருந்தது. அதை எழுதினவனும் அம்மாவிட நல்லதுக்குத்தான் எழுதியிருப்பான்.”

அவர் சத்தம் போடவில்லை. என் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார், அவ்வளவுதான். மாஸ்டர் உளியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. சொந்தப் பட்டறை, இரண்டு மெஷின், கொட்டாஞ்சேனையில் இரண்டு மாடி வீடு. ஒழுங்கை நடுவில் வெறுங்கையோடு நிற்பது போல நின்றேன்.

“கழட்டிக் கொண்டுபோய் வேற கல்லில வெட்டித் தர்றேன் டீச்சர்.”

“கொண்டுபோக வேண்டாம். திரும்பி என்ன வரும் எண்டு எனக்குத் தெரியாது. இங்கையே வெட்டுங்கோ. பகலில. எனக்கு முன்னால.”

திங்கட்கிழமை போனேன். சுனில் தான் வெட்டுவதாகச் சொன்னான். நான் விடவில்லை. கேட்க வருகிறவன் என்னைக் கேட்கட்டும்.

முதல் நாள் கிரைண்டரால் அந்த வரியைத் தேய்த்து எடுத்தேன். ஒழுங்கை முழுக்கத் தூசி. எதிர் பிளாட்டில் இருந்து ஒருவர் தன் கார் வெள்ளையாகிவிட்டதென்று கத்தினார். டீச்சர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, “உங்கட கார் முந்தியும் வெள்ளைதானே” என்றார். தேய்த்த இடம் நகம் அளவு உள்ளே போய்விட்டது. மினுக்கினாலும் அந்தப் பள்ளம் தெரியும். இன்றைக்கும் விரல் வைத்தால் தெரியும்.

இரண்டாம் நாள் உளி. மதிலில் நிற்கிற கல்லில் கையால் வெட்டுவது தரையில் படுக்க வைத்து வெட்டுவது போலில்லை. அடி அடியாகத்தான் போகும். ‘கைகளை’ முடிய மத்தியானமாகிவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், மரக்கறிப் பையோடு வருகிறவர்கள் எல்லோரும் நின்று வெட்டின வரைக்கும் வாசித்துவிட்டுப் போனார்கள். ‘சரணடைந்த’ என்ற சொல் முடிந்தபின் நின்றவர்கள் அதை இரண்டாம் தரமும் வாசித்தார்கள். நான் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வெட்டினேன். ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் உளி வழுக்கப் பார்த்தது.

மூன்றாம் நாள் காலை அந்த மோட்டார் சைக்கிள் வந்தே விட்டது. பொலிஸ்காரர், இளம் ஆள். இறங்காமலே சிங்களத்தில் என்ன இது என்று கேட்டார். சுனில் இங்கிலீசு வரிகளைக் காட்டினான். அவர் வாசித்தார். “ஆ, அமெரிக்கன் எக்கெனெக்” என்றார். அமெரிக்கக்காரன் ஒருவன்தானே என்ற ஆறுதல் அவர் குரலில் இருந்தது. போய்விட்டார். இத்தனை வருடம் நான் பயந்தது இவ்வளவு நேரத்துக்குத்தான்.

எனக்கு ஆறுதல் வரவில்லை. ஜிந்துப்பிட்டியில் கொத்தின கல்லைத் தடவிய அந்தத் தகப்பனின் விரல்தான் கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது.

மிச்சம் ஒரே ஒரு சொல். அதற்கு உளி வைக்கும்போது பின்னால் ஒருவர் நிற்பது தெரிந்தது. அறுபது வயது இருக்கும், நூல் சேலை, கையில் மருந்துக்கடைப் பை. இரண்டாம் நாள் பின்னேரமும் அந்த அம்மாவைக் கண்டிருந்தேன்.

“இது வெளிநாட்டு ஆள் அம்மா” என்றேன். கேட்காமலே சொன்னேன். “ஐரோப்பாவில நடந்தது. இவங்க அப்பா.”

“ஓம். வாசிச்சனான்.”

மருந்துப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, “எங்கட பெடியனும் கையை உயத்திக்கொண்டுதான் போனவன்” என்றார். “நான்தான் போகச் சொன்னனான். ஒண்டும் செய்யமாட்டினம், போ எண்டு.”

நான் உளியை எடுத்துவிட்டேன்.

“அவருக்கு...” என்று தொடங்கினேன். கல் என்று சொல்ல வாய் வரவில்லை.

“பிறந்த திகதி இருக்கு. மற்றத் திகதி ஒருத்தரும் தரேல்லை. எனக்குக் கல்லு வேண்டாம், ஐயா. நீங்கள் வெட்டி முடிக்கும் வரைக்கும் நிண்டு பாக்கலாமோ?”

டீச்சர் எழும்பித் தன் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அந்த அம்மா உட்காரவில்லை. டீச்சரும் திரும்பிப் போய் உட்காரவில்லை. ஒருவரை ஒருவர் பெயர் கேட்கவில்லை. இரண்டு பேரும் நின்றார்கள். கொம்பு, ககரம், லகரம் என்று ஒவ்வொன்றாக வெட்டினேன். இவ்வளவு மெதுவாக என் வாழ்க்கையில் நான் ஒரு சொல்லையும் வெட்டியதில்லை.

கல்வேலை முடிந்ததும் முதலில் அதை ஈரத்துணியால் துடைப்பது குடும்பத்தார்தான். வேலை செய்தவன் தொடக்கூடாது, தூசியோடு விட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு நான் விலகினேன். சுனில் துணியை நனைத்துப் பிழிந்து டீச்சரிடம் கொடுத்தான். டீச்சர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தார். பிறகு துணியைப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் நீட்டினார்.

அந்த அம்மா மருந்துப் பையைக் கதிரையில் வைத்துவிட்டு வாங்கினார். மூன்றாவது வரியை மட்டும் துடைத்தார். பள்ளத்துக்குள் இருந்த தூசி போக இரண்டு தரம் துடைக்க வேண்டியிருந்தது.